விடை அடுத்த வாரம்

வார இதழின் பின்பக்கத்தில் ஒரு கறுப்பு வெள்ளைக் கட்டம். பக்கத்தில் பொடி எழுத்தில் இடமிருந்து வலம், மேலிருந்து கீழ், அது போதாதென்று வலமிருந்து இடம், கீழிருந்து மேல். எல்லாவற்றுக்கும் அடியில் ‘விடை அடுத்த வாரம்’. எண்பதுகளில் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் கும்பகோணத்துத் தெருவில் அந்த இதழைக் காசு கொடுத்து வாங்கியவர் சலூன்காரர் ஒருவர்தான் என்பதால், முடிவெட்டிக்கொள்ள வந்தவர்கள், முடிவெட்டிக்கொள்வதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்தவர்கள், டியூஷனுக்குப் போகிற வழியில் சைக்கிளை நிறுத்தி எட்டிப்பார்த்தவர்கள் என்று எல்லோருமாகச் சேர்ந்து அந்த ஒரே கட்டத்தை நிரப்பினோம். பென்சிலால்தான் எழுத வேண்டும், பேனா கூடாது, பின்னால் வருகிறவருக்கும் யோசிக்க இடம் வேண்டும் என்பது அங்கே யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்த சட்டம். இரண்டு எழுத்து பிடிபடாமல் இழுத்தடித்தால் அதை மனசில் போட்டுக்கொண்டே வீட்டுக்குப் போவோம், சாப்பிடுவோம், படுப்போம். பாதி ராத்திரியில் விடை தட்டுப்படும். அதைச் சொல்வதற்கு ஓர் ஆள் கிடைக்க விடிய வேண்டும். விடை தெரிந்தும் சொல்ல முடியாமல் இருட்டில் விழித்துக் கிடக்கிற அந்தச் சந்தோஷம் எவ்வளவு பெரிய சொத்து என்பது, அது கையை விட்டுப் போன பிறகுதான் உறைக்கிறது.

புதிர் அப்போது வீட்டிலும் தெருவிலும் எங்கும் கிடந்தது. ஆனால் அதைப் படிப்பு என்று யாரும் சொன்னதில்லை, பிழைப்பு என்று நினைத்ததும் இல்லை. விளக்கு வைத்த பிறகு பாட்டி விடுகதை போடுவாள். மழை நாளில் புலியையும் ஆட்டையும் புல்லுக்கட்டையும் ஒரே ஓடத்தில் ஒவ்வொன்றாக அக்கரை சேர்ப்போம். பெரியவர்களுக்குப் புரியக் கூடாதென்று ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் ஒரு ‘க’ சேர்த்து ‘கசி கனி கமா’ என்று பேசிக்கொள்வோம். அடுப்படியிலிருந்தபடியே அம்மா, “சினிமாவுக்கெல்லாம் காசு கிடையாது” என்று பதில் சொல்லிவிடுவாள், ஏனென்றால் அவளும் சின்ன வயதில் அதே பாஷையைப் பேசி வளர்ந்தவள்தான். பூட்டுகிற முறையை மறைத்து வைப்பதில் ரகசியம் நிற்காது, சாவியை மறைத்து வைப்பதில்தான் நிற்கும் என்று அகஸ்ட் கெர்க்காஃப்ஸ் என்ற டச்சுக்காரர் 1883-லேயே எழுதி வைத்திருக்கிறார். இன்றைக்குச் சைபர் பாதுகாப்பு படிக்கிற பிள்ளைகளுக்கு முதல் வாரத்திலேயே சொல்லித்தருகிற பாடம் அது. அம்மா அதை எங்களுக்கு அடுப்படியிலிருந்தே நடத்தியிருக்கிறாள்.

எங்கள் கணக்கு வாத்தியார் பாடப் புத்தகத்தோடு நிற்காமல் காரிநாயனாரின் கணக்கதிகாரத்திலிருந்தும் கணக்குப் போடுவார். பலாப்பழத்தை வெட்டாமலே உள்ளே எத்தனை சுளை என்று சொல்ல வேண்டும். காம்பைச் சுற்றியிருக்கிற முள்ளை எண்ணு, 6-ஆல் பெருக்கு, 5-ஆல் வகு. பழத்துக்குச் சேதம் வராமல் உள்ளே இருப்பதைச் சொல்கிற அந்த வித்தை எங்களை மயக்கியது. வாத்தியார் ஆனால் வித்தையில் மயங்குகிறவர் அல்ல. விடையை மட்டும் எழுதி நீட்டினால் பாதி மார்க்தான். “ஸ்டெப் எங்கேடா? நீ எப்படிப் போட்டேன்னு இன்னொருத்தன் போட்டுப் பார்க்க வேண்டாமா?” என்பார். சரியான விடைக்குப் பாதி மார்க் என்பது அந்த வயதில் பெரிய அநியாயமாகத் தெரிந்தது.

பட்டம் வாங்கியதும் எல்லோரும் போன வழியிலேயே நானும் போனேன். எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சில் பதிவு, டைப்ரைட்டிங்கில் லோயரும் ஹையரும், ராத்திரி பகலாக வங்கித் தேர்வுக்குத் தயாரிப்பு. புதிருக்கு அன்றைக்குச் சந்தையில் விலை இருந்த ஒரே இடம் அந்தத் தேர்வின் ரீசனிங் பகுதிதான். வட்ட மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் எட்டு பேரில் யாருக்கு இடப்பக்கம் யார், ஒரு சொல்லை இப்படி மாற்றி எழுதினால் இன்னொரு சொல்லை எப்படி மாற்றி எழுத வேண்டும் என்ற கேள்விகளுக்கு சலூன் பெஞ்சில் பழகிய கை தானாக ஓடியது. வேலை கிடைத்தது. கிடைத்த பிறகு அந்த மேஜையையும் அந்த எட்டு பேரையும் யாரும் என்னிடம் கேட்கவில்லை. லெட்ஜரும் டோக்கனும் ரப்பர் ஸ்டாம்பும் நிறைந்த வாழ்க்கை, நல்ல வாழ்க்கை, ஆனால் அதில் புதிருக்கு நாற்காலி போடப்படவில்லை.

உலகத்தின் வேறொரு மூலையில் அந்த நாற்காலியை வெகு காலத்துக்கு முன்பே போட்டுவிட்டார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. 1942 ஜனவரியில் லண்டனின் டெய்லி டெலிகிராஃப் தன் குறுக்கெழுத்துப் போட்டியை 12 நிமிடத்துக்குள் முடிக்க முடியுமா என்று வாசகர்களை அலுவலகத்துக்கே வரவழைத்து உட்கார்த்தி வைத்துப் பார்த்தது. நன்றாகப் போட்டவர்களில் சிலருக்கு அப்புறம் ராணுவத்திலிருந்து கடிதம் போனது. ஜெர்மானியர்களின் எனிக்மா சங்கேதங்களை உடைத்துக்கொண்டிருந்த பிளெட்ச்லி பார்க்கில் அவர்களுக்கு வேலை காத்திருந்தது. போர் முடிந்து பல ஆண்டுகள் வரை அங்கே என்ன செய்தோம் என்று சொந்த வீட்டில்கூட அவர்கள் சொல்லக் கூடாது. விடை தெரிந்தும் ஒரு ராத்திரி வாயை மூடிக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். முப்பது ஆண்டுக்கு மேல் மூடிக்கொண்டிருந்தவர்களை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

எங்கள் ஊருக்கும் கம்ப்யூட்டர் வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கும்பகோணத்தில் ஒரு மாடியில் ஏ.சி. போட்ட அறை, வாசலில் வரிசையாகச் செருப்பு, உள்ளே நான்கைந்து கறுப்புத் திரைகள். சாயங்காலம் வங்கி முடிந்து நானும் போய்ச் சேர்ந்தேன். ஒரு நாள் ஒரு மாணவர் கஷ்டப்பட்டு அடித்து வைத்திருந்த கோப்பு ஒன்று அழிந்துபோய், அறை முழுக்கப் பதற்றம். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த சார் வெளியிலிருந்து ஓடிவந்து, “யாரும் எதையும் தொடாதீங்க! புதுசா எதையும் சேவ் பண்ணாதீங்க!” என்று கத்தினார். பிறகு ‘அன்டிலீட்’ என்று அடித்தார். எம்.எஸ். டாஸ் 5.0-வோடு 1991-ல் வந்த வசதி அது. திரையில் கோப்பின் பெயர் வந்தது, ஆனால் முதல் எழுத்து இருந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி. அந்த எழுத்து என்ன என்று இயந்திரம் எங்களைக் கேட்டது! கோப்பை அழிக்கச் சொன்னால் டாஸ் உள்ளே இருப்பதை உடனே அழிப்பதில்லை. பெயரின் முதல் எழுத்தை எடுத்துவிட்டு அங்கே ஓர் அடையாளத்தைப் போட்டு, இந்த இடம் இனி காலி என்று குறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அந்த இடத்தில் வேறு எதையாவது எழுதும் வரை பழையது அப்படியே கிடக்கும். சார் ஓர் எழுத்தை அடித்தார், கோப்பு எழுந்து வந்தது. ஒரு கட்டம் காலி, ஓர் எழுத்தைப் போட்டால் முழுச் சொல்லும் வந்துவிடும் என்கிற அந்தப் பழைய கிளர்ச்சியை, ஏ.சி. குளிரில் வெறுங்காலோடு நின்றபடி மறுபடி அனுபவித்தேன். அதற்குள் ஒரு துறையே ஒளிந்திருக்கிறது, அதில் பட்டம் கொடுப்பார்கள், சம்பளம் கொடுப்பார்கள் என்று அந்த அறையில் இருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை.

பிறகு காலம் ஓடிய ஓட்டத்தில் புதிர், வேலைக்கு ஆள் எடுக்கிற வாசலில் வந்து நின்றது. 2004-ல் அமெரிக்காவின் சிலிக்கன் பள்ளத்தாக்கில் நெடுஞ்சாலை ஓரம் ஒரு விளம்பரப் பலகை. நிறுவனத்தின் பெயர் கிடையாது. கணிதத்தில் ‘இ’ என்று குறிக்கிற அந்த முடிவில்லாத எண்ணில் அடுத்தடுத்து வரும் இலக்கங்களில் முதல் பத்திலக்கப் பகா எண் எது என்ற கேள்வி மட்டும். 7427466391 என்று கண்டுபிடித்து, அதையே இணைய முகவரியாக அடித்தவர்களுக்கு அடுத்த புதிர், அதையும் தாண்டினால் வேலைக்கு விண்ணப்பிக்கச் சொல்லும் கூகுளின் அழைப்பு. 2011-ல் பிரிட்டனின் ஒற்றறியும் அமைப்பான ஜி.சி.எச்.க்யூ., 160 ஹெக்ஸ் (பதினாறடிமான) எண் ஜோடிகளை ஒரே படமாகப் போட்டு, உங்களால் உடைக்க முடியுமா என்று நாட்டையே கேட்டது. நம் ஊர்க் கல்லூரிகளின் வேலைவாய்ப்பு முகாம்களிலும் 25 குதிரைகளும் 5 ஓடுபாதைகளும் புகுந்தன. மிக வேகமான மூன்று குதிரைகளைக் கண்டுபிடிக்க எத்தனை பந்தயம் வேண்டும் என்றால் ஏழு என்று இறுதியாண்டு மாணவர்கள் தூக்கத்தில்கூடச் சொன்னார்கள், ஏனென்றால் விடை மூத்தவர்களிடமிருந்து வரிசையாகக் கைமாறி வந்துகொண்டிருந்தது. அதே கூகுளின் மனிதவளப் பொறுப்பிலிருந்த லாஸ்லோ பாக், இந்த மாதிரி மூளைப் புதிர்கள் நல்ல ஆளைக் கண்டுபிடிக்க உதவவில்லை என்று 2013-ல் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். புதிர் மனப்பாடமான அன்றைக்கே அது புதிராக இருப்பதை நிறுத்திவிடுகிறது. எங்கள் சலூனின் பென்சில் சட்டத்தில் இருந்த நியாயம் இதுதான்.

ஆனால் அந்தப் புதிர்களின் இடத்துக்கு வந்திருப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு நிறைந்துவிடுகிறது. என் அக்கா மகள் இங்கேயே கும்பகோணத்தில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயன்ஸ் முடித்துவிட்டு, சென்னைக்குப் போய்ச் சைபர் தடயவியலில் முதுநிலை படித்தாள். படித்த காலம் முழுக்கச் சனி, ஞாயிறுகளில் சி.டி.எஃப். என்ற போட்டிகளில் உட்கார்ந்திருப்பாள். ‘கேப்சர் த ஃப்ளாக்’, கொடியைப் பிடிக்கிற விளையாட்டு. அமெரிக்காவின் டெஃப்கான் மாநாட்டில் 1996-லிருந்து நடக்கிறது. கார்னகி மெலன் பல்கலைக்கழகம் 2013-ல் பள்ளிப் பிள்ளைகளுக்காகவே பிகோ சி.டி.எஃப். தொடங்கியது. நம் நாட்டில் அமிர்தா பல்கலைக்கழகத்தார் இன் சி.டி.எஃப். நடத்துகிறார்கள். சங்கேதம் உடைப்பது, நிரலைப் பின்னோக்கிப் பிரிப்பது, வலைத்தளத்தின் ஓட்டையைக் கண்டுபிடிப்பது, தடயவியல் என்று பல பிரிவுகளில் கணக்குகள் இருக்கும். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சொல் ஒளிந்திருக்கும். அதுதான் கொடி. எடுத்தால் மதிப்பெண்.

போன தீபாவளிக்கு வந்திருந்தபோது பட்சணத் தட்டை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு மடிக்கணினியைத் திறந்து, “மாமா, இங்க வந்து பாருங்க” என்றாள். பயிற்சிக்காகக் கொடுத்த ஒரு பென்டிரைவின் நகல் அது. திரை முழுக்க இரண்டிரண்டாக எண்ணும் எழுத்தும். “இந்த ‘இ 5’ தெரியுதா? கோப்புப் பேரோட முதல் எழுத்து இருந்த இடம். அழிச்சிட்டாங்கன்னு அர்த்தம்” என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டாஸ் காலத்து அதே கேள்விக்குறி! இப்போதும் நிறையப் பென்டிரைவுகளில் அதே பழைய முறைதான் ஓடுகிறதாம். அதே வரிசையின் கடைசியில் கோப்பின் அளவைச் சொல்கிற நான்கு பைட்டுகள். அதை மட்டும் திருப்பிப் படிக்க வேண்டும், சின்ன பைட் முதலில் வரும் என்றாள். வலமிருந்து இடம் என்று நான் சொன்னேன், அவள் சிரித்தாள். பிறகு ‘எஃப் எஃப், டி 8, எஃப் எஃப்’ எங்கே இருக்கிறது என்று தேடிப்பிடித்தாள். ஜேபெக் படங்கள் எல்லாம் அப்படித்தான் தொடங்கும், ‘எஃப் எஃப், டி 9’ என்று முடியும். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையில் இருந்ததை அப்படியே வெட்டித் தனியாகச் சேமித்தாள். திறந்தால், யாரோ அழித்துவிட்டதாக நினைத்த ஒரு பூனைப் படம். எந்தக் கட்டம் நிரம்பிவிட்டது என்று எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. அந்த ஒரு நிமிஷத்துக்கு நான் மறுபடியும் பள்ளிக்கூடத்துப் பையன்.

அவளுக்கு வேலை கிடைத்த விதத்தைக் கேட்டபோது இன்னும் சந்தோஷமாக இருந்தது. குதிரைக் கணக்கெல்லாம் கேட்கவில்லையாம். “நீங்க போட்ட ஒரு சி.டி.எஃப். கணக்கை எடுத்துக்கிட்டு, எங்க தொடங்கினீங்க, எங்க முட்டிக்கிட்டு நின்னீங்க, எப்படித் திரும்பி வந்தீங்கன்னு சொல்லுங்க” என்று கேட்டார்களாம். அவள் ஒவ்வொரு போட்டி முடிந்ததும் தீர்த்த வழியை எழுதி வைக்கிற பழக்கம் உள்ளவள். அதை அவர்கள் ‘ரைட்டப்’ என்கிறார்கள். சிபாரிசுக் கடிதம் கேட்கவில்லை, அப்பா என்ன வேலை என்று கேட்கவில்லை, ஆங்கிலம் தடுமாறியதைப் பெரிதுபடுத்தவில்லை. வழியைக் கேட்டார்கள். எங்கள் கணக்கு வாத்தியார் உயிரோடு இருந்திருந்தால் அவரிடம் ஓடிப்போய் இதைச் சொல்லியிருப்பேன்.

அந்த வேலையில் ‘ஸ்டெப்’ என்பது மார்க்குக்காக எழுதுவது அல்ல, அதுதான் வேலையே. கைப்பற்றிய கணினியை அப்படியே திறந்து பார்க்கக் கூடாது. எதையும் எழுதவிடாமல் தடுக்கிற கருவியை நடுவில் மாட்டி, அதில் ஒரு பைட்கூட மாறாமல் முழு நகல் எடுத்து, நகலைத்தான் ஆராய வேண்டும். பலாப்பழத்தை வெட்டாமல் சுளையைச் சொல்ல வேண்டும். மூலமும் நகலும் ஒன்றுதான் என்பதற்கு ஹேஷ் என்ற கணக்கு. ஷா-256 முறையில் எவ்வளவு பெரிய வன்தட்டையும் 64 ஹெக்ஸ் எழுத்துகளாகச் சுருக்கிவிடலாம். உள்ளே ஒரு காற்புள்ளி மாறினாலும் இந்த 64 எழுத்துகளும் அடையாளமே தெரியாமல் மாறிப்போகும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியம், மின்னணுச் சாட்சியத்தோடு தர வேண்டிய சான்றிதழின் படிவத்திலேயே ஹேஷ் மதிப்பை எழுதச் சொல்கிறது. அதே நாளில் அமலுக்கு வந்த குற்ற விசாரணைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்., ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே போக வேண்டும் என்கிறது. மாநிலங்கள் அதற்குத் தயாராக ஐந்தாண்டு வரை அவகாசம். அதற்கெல்லாம் ஆள் வேண்டும். குஜராத்தில் தொடங்கிய தடயவியல் பல்கலைக்கழகம் 2020-லேயே தேசியப் பல்கலைக்கழகமாகிவிட்டது. அவள் படித்த சென்னைக்குத் தடயவியல் புதிதும் அல்ல. 1849-லேயே விஷம் பார்க்க ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் அமைந்த ஊர் அது. அன்று குடுவையில் தேடியதை இன்று கைபேசியில் தேடுகிறார்கள்.

எதை இழந்தோம் என்றும் சொல்லித்தான் ஆக வேண்டும். ‘விடை அடுத்த வாரம்’ போய்விட்டது. போட்டி முடிந்த சில மணி நேரத்தில் எல்லா விடைகளும் எழுதி வெளியாகிவிடுகின்றன. இப்போது செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் போட்டி முடியும் வரைகூடக் காத்திருக்க வேண்டாம். அஞ்சலட்டையில் விடை எழுதி, பேர் வருமா என்று அடுத்த இதழைப் புரட்டிய அந்த விரல் நடுக்கம் போய்விட்டது. ஒரே பென்சிலைச் சுற்றி வேறுவேறு வயதும் வேறுவேறு தொழிலும் உட்கார்ந்திருந்த பெஞ்ச் போய்விட்டது. அக்கா மகளின் சி.டி.எஃப். அணியில் நால்வர், நான்கு ஊர், ராத்திரி முழுக்கக் காதில் ஹெட்போனோடு பேசிக்கொள்கிறார்கள். விடை கிடைத்ததும் நான்கு ஊரில் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். அது குறைந்த சந்தோஷம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் விளையாட்டே வேலையான பிறகு அவளுக்கு ராத்திரி ஷிப்ட் உண்டு, ஞாயிறு இல்லை, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்துவிட்டுத் தவித்துக் காத்திருக்கும் யாரோ ஒருவரின் சேமிப்பு அவள் மாதிரி ஆட்களின் வேகத்தை நம்பி நிற்கிறது. எங்கள் கட்டம் நிரம்பாமல் போனால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. அதனால்தான் அது அவ்வளவு இனித்தது.

சைபர் தடயவியல் படிப்பில் பிள்ளைகளைச் சேர்க்கலாமா என்று இப்போது பெற்றோர்கள் என்னிடம் கேட்கிறார்கள். சேருங்கள் என்றுதான் சொல்கிறேன், ஒரு விஷயத்தையும் சேர்த்தே சொல்கிறேன். புதிரைப் போட்டவருக்கு விடை தெரியும். எவ்வளவு கடினமானாலும் விடை ஒன்று இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் நாம் உட்காருகிறோம். குற்றம் செய்தவன் அப்படி விடை வைத்துவிட்டுப் போவதில்லை. வட்டில் அந்த இடத்தின் மேல் வேறெதுவோ எழுதப்பட்டிருக்கும், பதிவுகள் காலாவதியாகியிருக்கும், எல்லா ஸ்டெப்பும் சரியாக இருந்தும் கடைசிக் கட்டம் காலியாகவே நிற்கும். அந்த நேரத்தில், தெரிந்த எழுத்துகளை வைத்துத் தெரியாத எழுத்தை ஊகித்துப் போட்டுவிடக் கையெல்லாம் துடிக்கும். புதிரில் பழகிய கைக்கு அது இன்னும் அதிகமாகத் துடிக்கும். அப்போது அறிக்கையில், கிடைத்த தடயங்களைக் கொண்டு முடிவுக்கு வர இயலவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிற துணிச்சல் வேண்டும். குறுக்கெழுத்தில் அது தோல்வி. அங்கே அதுவும் ஒரு விடை, அந்த ஒரு வரியால் ஒரு நிரபராதி வீட்டுக்குப் போகலாம். அந்த வரியை எழுதத் தெரிந்த பிள்ளைகள்தான் இந்தத் துறைக்கு வேண்டும், அவர்களைத்தான் நாம் வளர்த்து அனுப்ப வேண்டும்.